நான் ஊகித்த முடிவு

ஞாயிறு, இரவு பதினொன்றரை.

தூக்கம் வரவில்லை. இன்று பெங்களூரு ஜோகுபாளையத்தில் மெர்சி அக்கா வீட்டில் எங்கள் வாசகர் குழு கூடியது. நாங்கள் விழுந்து விழுந்து படிக்கும் டிராகன் தொடரின் எழுத்தாளர் அதன் கடைசிப் பாகத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டாராம். யாரோ ஒரு வாசகர் முடிவை அச்சுப் பிசகாமல் ஊகித்து அவருக்கு மெயில் அனுப்பிவிட்டாராம். வேறு முடிவு எழுத மூன்று வருடம் ஆகும் என்று அறிவித்திருக்கிறார்.

"எவன் குரு அந்த அதிகப்பிரசங்கி? கைல கெடைச்சான், செத்தான்" என்றான் பிரகாஷ். பெங்களூருக்காரன், யாரைப் பார்த்தாலும் 'குரு'தான். நானும் திட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினேன்.

அனுப்பியது நான்தான். பதினோரு பக்கம். பாராட்டி இரண்டு வரி எழுதுவார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா என்னை மட்டும் உட்காரச் சொன்னார். கீமோவில் முடி கொட்டிய தலையில் குழுவின் பச்சைத் தொப்பி.

"மூணு வருஷம் என் உடம்பு தாங்காதுப்பா. நீதான் எப்பவும் கரெக்டா சொல்லுவியே, கதைய எப்படி முடிச்சிருப்பாரு?"

அந்த எழுத்தாளரை விட்டால் அது தெரிந்த ஒரே ஆள் நான். ஊகம் என்று சொன்னால் அக்காவுக்கு அது வெறும் ஊகம். அதுதான் நிஜமான முடிவு என்றால், அந்த அதிகப்பிரசங்கி நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும். முடியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா என் கையைத் தட்டிக் கொடுத்தார். "பரவால்ல. அவசரமில்ல, மெதுவா யோசிச்சுச் சொல்லு."