ரொஷ்வால் என்கிற பெயர்

செவ்வாய், நவம்பர் 14

மகன் ஃபிலிப், ஆஸ்பத்திரிகளுக்காகத் தான் எழுதிய மென்பொருளுக்கு எங்கள் குடும்பப் பெயரையே வைத்திருந்தான்: ரொஷ்வால். பிரான்சில் அதே பெயருள்ள ஒரு கம்பெனி, அது தங்களுடைய வணிக முத்திரை என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

“உங்க அப்பா பேரை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது” என்றேன்.

“அம்மா, அது அவங்க முதலாளியோட பரம்பரைப் பேரு. இங்க பிரெஞ்சுக்காரங்க ஆட்சி நடந்தப்ப, நம்ம பூட்டன் தமிழ்ப் பேரை விட்டுட்டு பிரெஞ்சுக் குடிமகனாப் பதிஞ்சாரு. அப்ப இங்க கோர்ட்டுல இருந்த ஒரு துரையோட பேரை எடுத்து வச்சுக்கிட்டாரு. யாருகிட்ட கேட்டாரு? நல்லவேளை, அந்தத் துரை நோட்டீஸ் விடல.”

அவன் சிரித்தான். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன்.

வழக்காடினால் தொழிலே போய்விடும் என்கிறான். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். பின்னாலேயே வந்து, “கோவப்படாதீங்கம்மா. பூட்டனோட பழைய தமிழ்ப் பேரைச் சொல்லுங்க, அதையே வச்சுடறேன்” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மதாம் ரொஷ்வால் என்று நிமிர்ந்து நடந்தவள், அந்தப் பழைய பெயரை இவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்க இவரும் இல்லை.