ஐந்துக்கு இரண்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. என்னைப் பற்றி மட்டும் போனில் உன்னிடம் சொல்லி வந்தது முழு உண்மையில்லை. பேசினால் மழுப்பிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் அம்மாவுக்கும் சைனஸ் தொல்லை என்பது உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். உள்ளே போகுமுன் நர்ஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். மூக்கடைப்பு, முகவலி, தொண்டையில் இறங்கும் சளி, வாசனை தெரியாமை, தூக்கக் கேடு, ஒவ்வொன்றும் எவ்வளவு தொந்தரவு என்று பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் எண் போட வேண்டும். கடைசியில் சிகிச்சை திருப்தியா என்பதற்கும் அப்படியே. முப்பத்தாறு வருஷம் விடைத்தாள் திருத்திய கைக்கு முழு மார்க் போட வருமா? ஐந்து என்றால் தாங்கவே முடியாதது என்று அச்சிட்டிருந்தது. நான்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேனே என்று எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டேன். திருப்திக்கு மூன்று. என் கணக்கில் அது நல்ல மார்க். அம்மா தொந்தரவுக்கெல்லாம் ஐந்து ஐந்தாகப் போட்டுத் திருப்திக்கும் ஐந்து போட்டாள்.

டாக்டரம்மா ஸ்கேன் படங்களையும் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தாள் இடம் மாறிப்போச்சா என்று நர்ஸைக் கேட்டார். என் படத்தில் மூக்கைச் சுற்றியுள்ள அறைகள் அத்தனையும் அடைத்திருக்கின்றனவாம், அம்மாவுக்கு லேசாகத்தானாம். அப்போ நான் நடிக்கிறேனா என்று அம்மா எழுந்தேவிட்டாள். அவரோ, இல்லம்மா, படத்துக்கு என்ன வலி தெரியும், உங்க வலி நிஜம்தான், மூக்கு கழுவுற உப்புத் தண்ணிக்கே உங்களுக்குக் கேட்குது, சார்தான் எதையோ மறைக்கிறார் என்று சொல்லி, வாசனை தெரியுதா சார் என்றார். கொஞ்சம் குறைவு என்றேன். அம்மா விடவில்லை. கொஞ்சமா, அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், பால் தீஞ்சு பாத்திரம் கரியாகுது, மாடியிலேருந்து நான் ஓடி வரேன், இதுக்குப் பேரு கொஞ்சமா என்று பிடித்துக்கொண்டாள். உண்மைதான். இரண்டு வருஷமாக எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. நீ குழந்தையோடு வந்தபோது அதன் தலையை முகர்ந்து, பவுடர் வாசம் நன்றாக இருக்கிறது என்றேனே, அது சும்மா சொன்னது. மன்னித்துக்கொள்.

டாக்டரம்மா புதுத் தாள் கொடுத்து, மார்க்கை விடுங்க சார், படறதை எழுதுங்க என்றார். எழுதினேன். மூன்று போட்டதற்காக அவர் மனம் நொந்திருப்பாரோ என்று அதையும் கேட்டேன், சிரித்துவிட்டார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். அடைப்பு நீங்கும், வாசனை திரும்புமா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன், வந்ததிலிருந்து சரியாகத்தான் சொன்னேனா என்று யோசனை.

உனக்கும் அடிக்கடி மூக்கடைக்கிறது என்றாயே, டாக்டரிடம் போனால் குறைத்துச் சொல்லாதே. குழந்தைக்கு எங்கள் முத்தம், உங்கள் இருவருக்கும் ஆசிகள். இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆப்பரேஷன், குறித்துக்கொள். ஒரே நாள்தான், லீவு போட்டு அலையாதே என்று இந்த இடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிந்தால் வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா