உத்திரத்தில் குடியிருந்தவர்கள்

சனவரி 11, சனி

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட். விறாந்தை உத்திரத்தில் துளை போட்டுக் குடியிருந்த கருவண்டுகளைச் சாம்பிராணிப் புகை போட்டுக் கிளப்பினேன். வாடகை இல்லை, போதாததற்கு மரத்தூளை வேறு என் தலையில் கொட்டுவார்கள். துளைகளைப் புட்டிப் பசையால் அடைத்து மேலே பச்சைப் பெயின்ட். "எங்க வீட்டம்மா கோர்ட்டுக்குப் போகாமலே குடி எழுப்பிட்டாங்க" என்றார் துஷாந்த். கணவர் வாயால் பாராட்டு! பெருமையாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 15, சனி

பேஷன் புரூட் கொடி முழுக்கப் பூ. ஒரு காய்கூட இல்லை. போன வருசம் இந்தக் குண்டசாலை ஒழுங்கையில் அத்தனை வீடும் ஜூஸ் குடித்து அலுத்துப்போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் றம்லத் ராத்தாவின் கொடியிலும் இதே கதை. "யாரோ கண் வச்சிட்டாங்க" என்கிறார், என்னையே பார்த்துக்கொண்டு. நான் யாரைப் பார்ப்பது? அவரைத்தான் பார்த்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

துஷாந்த் கெடு வைத்துவிட்டார். "வருசப்பிறப்புக்குள்ள கொடி நெறையக் காய் காட்டு. இல்லாட்டி வெட்டிட்டு வேனுக்கு ஷெட் போடப்போறேன்."

சிரித்து மழுப்பிவிட்டு அறைக்குள் போய் அழுதேன். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கென்று ஒரு பிடி மண் இருந்ததில்லை. என் பேரில் உள்ள மண்ணில் நான் நட்ட முதல் செடி இது. வேனுக்கு நிழல் வேண்டுமாம். வேன் என்ன கறுத்தா போகும்?

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் பூ விரியும் நேரம் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். எறும்பு வந்தது. சின்னத் தேனீ வந்து மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு போனது. மேலே விரிந்து நிற்கும் சூல்முடியை ஒன்றும் தொடவில்லை. அதைத் தொட நல்ல தடித்த முதுகு வேண்டும். போன வருசம் முதுகு நிறைய மஞ்சள் பூசிக்கொண்டு பூவுக்குப் பூ அலைந்தது யார்?

ஐயோ. நான் குடி எழுப்பினவங்க!

உடனே காது குடையும் பட்ஸ் எடுத்து நானே வண்டு வேலை பார்த்தேன்.

மார்ச் 8, சனி

என் பூவின் தூளை என் பூவுக்கே வைத்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. சொந்தத்துக்குள் சம்பந்தம் பிடிக்காது போலிருக்கிறது. இன்று மதிலில் ஏறி ராத்தாவின் கொடியில் தூள் எடுத்தேன். பிடிபட்டேன்.

"என்ன கிருஷாந்தி, பூவுக்குக் காது குடையிறீங்களா?"

"கண்ணூறு கழிக்கிறேன் ராத்தா."

"அப்ப எங்கட பக்கத்தையும் கழிச்சி உடுங்க."

இரண்டு பக்கமும் கழித்தேன். துஷாந்த் விறாந்தையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, வியாழன், பௌர்ணமிப் போயா

இரண்டு பூ பிடித்திருக்கிறது! பச்சைக் கோலிக்குண்டு மாதிரி.

மார்ச் 14, வெள்ளி

குரங்கு தின்றுவிட்டது. இரண்டையும்.

மார்ச் 16, ஞாயிறு

கிழமை நாளில் பூ விரியும் நேரம் நான் கண்டியில் பார்மசியில் வேலைக்கு நிற்கிறேன். பட்ஸ் எத்தனை பூவுக்குப் போகும்? வண்டுகளைத் திரும்பக் கூப்பிடுவதுதான் வழி. துஷாந்த் வேனோடு ஹயருக்குப் போனதும் காய்கறிக் கத்தியால் புட்டியைத் தோண்டினேன். மூன்று துளைதான் திறந்தது. கத்தி வளைந்துவிட்டது. அவர் ஆசையாய் அடித்த பெயின்ட். கண்டால் தொலைந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு கருவண்டு வந்தது. உத்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. ரோசமிருக்காதா?

ஏப்ரல் 14, திங்கள், வருசப்பிறப்பு

கொடி தாங்காத காய். குரங்குக்குப் போக எங்களுக்கும் மிஞ்சும். ராத்தா வட்டிலப்பத்தோடு வந்து, "உங்கட கை ராசி" என்றார். நானும் ஆமாம் என்று வைத்தேன்.

பிறகு விறாந்தையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். நான் தோண்டிய மூன்றும் கோணல்மாணலாக, காலியாக. அவற்றுக்கு அப்பால், துஷாந்தின் கதிரைக்கு நேர்மேலே, ஒரே அளவில் வரிசையாக ஏழெட்டுத் துளைகள். குடி அங்கேதான் வந்திருக்கிறது.

"அந்தத் துளையெல்லாம் யார் போட்டது?"

"வண்டுதான்." பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வண்டுங்க இப்ப ட்ரில் மெசின் வச்சிருக்கா?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. மேலேயிருந்து அவர் தலையில் மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தது. அவரும் தட்டவில்லை, நானும் சொல்லவில்லை.