சமையற்கார ஒற்றனின் கடைசி இருபது நிமிடம்

ஞாயிறு மத்தியானங்களில் எனக்கே சொந்தமாக இருந்த என் அன்பு அப்பாவுக்கு,

பனி முழுவதும் கரைந்துவிட்டது. ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒருநாள் நீங்கள் வழுக்கி விழுந்து, எழும்பியதும் யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் பார்த்தீர்களே, அந்த இடத்தில் இப்போது மஞ்சள் பூக்கள். அம்மா கிழமையில் நான்கு நாள் தையல் வேலைக்குப் போகிறார். எங்கள் அகதிக் கேஸுக்கு இன்னும் பதில் வரவில்லை. டொக்டர் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இப்போதும் இருக்கிறோம். மேலே இருக்கும் டொக்டரின் மனைவி, அந்தச் சென்னை ஆன்ட்டி, இப்போதும் மூன்று பேருக்கு அளந்துதான் சாம்பார் அனுப்புகிறார்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுதுவதைவிட உங்களுக்கே எழுதலாம் என்று நினைத்தேன். ஏனென்றால் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு ஞாயிறு தொலைக்காட்சியில் நாங்கள் பாதியில் விட்ட அந்தப் பிரெஞ்சுப் படத்தை நான் கடைசிவரை பார்த்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே. ஒரு மந்திரி வீட்டில் இரகசியத் தாள் ஒன்று இருக்கிறது. அதைத் திருடுவதற்காக ஓர் ஒற்றன் அங்கே சமையற்காரனாக வேலைக்குச் சேருகிறான். அவன் சமையல் அவ்வளவு ருசி. மந்திரி அவனைக் குசினியை விட்டு வெளியே போகவே விடமாட்டார். அதே தாளுக்காக வேறு நாட்டு ஒற்றர்களும் வேலைக்காரியாக, தோட்டக்காரனாக, கார்ச் சாரதியாக வருகிறார்கள். பாதிப் படத்தில் பார்த்தால் அந்த வீட்டில் மந்திரியைத் தவிர எல்லாரும் ஒற்றர்!

நடிகர்களின் பெயர்கள் உங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் நீங்களே பெயர் வைத்தீர்கள். நெடுவலாக, கழுத்தை நீட்டி நீட்டி நடந்த கதாநாயகன் கொக்கு. தொலைபேசியில் கத்திக்கொண்டே இருந்த அவனுடைய தலைவர் சங்கு. வேலைக்காரியாக வந்து, சிரிப்பை அடக்கத் தெரியாமல் அகப்படும் நடிகை ராணி அக்கா. ஒரு வார்த்தையும் பேசாமல் புல் வெட்டிய குண்டுத் தோட்டக்காரர் பலாப்பழம். "அந்தாள்தான் புள்ள உண்மையான நடிகன். வாயே திறக்காம சிரிக்க வைக்கான் பார்" என்றீர்கள்.

மூன்றரை மணிக்கு எழும்பிச் சப்பாத்தைப் போட்டீர்கள். கர்க்லாண்ட் முதியோர் இல்லத்துக் குசினியில் உங்களுக்குப் பின்னேர வேலை. படத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. "மறுகாவும் போடுவாங்க. அப்ப ரெண்டு பேருமாப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினீர்கள். நீங்கள் இல்லாமல் பார்ப்பது சரியில்லை என்று நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன். அது ஜனவரி. பெப்ரவரியில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

இனிப் பள்ளிக்கூடக் கதை. புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தரும் வகுப்பில் எனக்கு இது இரண்டாம் வருடம். செப்டெம்பரில் சாதாரண வகுப்புக்குப் போக வேண்டுமென்றால், ஒரு படத்தின் கதையைப் பிரெஞ்சில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றார் எங்கள் ஆசிரியை மதாம். வேறு எந்தப் படத்தை நான் சொல்வேன்?

எழுதும்போது எனக்குத் தெரிந்த ஒரே மாதிரி, மட்டக்களப்புத் தியேட்டர் வாசலில் வாங்கி நீங்கள் சூட்கேஸில் கொண்டுவந்த பாட்டுப் புத்தகங்கள்தான். முதலில் நடிகர்கள் பட்டியல், கடைசியில் "மற்றும் பலர்". பிறகு கதைச்சுருக்கம். அது முக்கியமான இடத்தில் நின்றுவிடும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். நானும் அப்படியே செய்தேன். "சமையற்காரன் கையில் தாள் கிடைத்ததா? மந்திரிக்கு உண்மை தெரிந்ததா? மீதியைத் திரையில் பாருங்கள்!" என்று பிரெஞ்சில் சொல்லி, தலைகுனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தேன்.

மதாம் பேனாவை மேசையில் வைத்தார்.

"முடிவு எங்கே?" என்றார் மதாம்.

"முடிவைச் சொல்லக்கூடாது மதாம். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை."

"இவள் படத்தைப் பார்க்கவே இல்லை" என்றாள் வியட்நாமிலிருந்து வந்த லான். எல்லாரும் சிரித்தார்கள்.

மதாம் சிரிக்கவில்லை. "உங்கள் ஊர் மரியாதை அழகானது. ஆனால் தொடங்கிய கதையை முடிக்கத் தெரியுமா என்றுதான் நான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடியும் சொல். முடிக்காவிட்டால் இன்னொரு வருடம் என்னோடுதான்."

அப்பா, உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். மரியாதை பாதிக் காரணம்தான். எனக்கு முடிவு தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக் காட்டித் தப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு முடிவைக் கட்டிச் சொல்லியிருக்கலாம், மதாமுக்குத் தெரிந்திராது. ஆனால் உங்களோடு பார்த்த படத்தில் நான் எப்படிப் பொய் சேர்ப்பேன்?

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார். "என்ன புள்ள, மூஞ்சி தொங்கிப்போய்க் கிடக்கு?"

"மதாம் படத்திர முடிவக் கேக்கிறா."

"சொல்லன். நீ பாத்த படம்தானே?"

"அப்பா வேலைக்குப் போனதும் நான் ரீவிய நிப்பாட்டிட்டன் அம்மா. ரெண்டு பேருமாப் பாப்பம் எண்டவர்."

அம்மா அடுப்பை அணைத்துக் கையைத் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பெப்ரவரிக்குப் பிறகு அம்மா மேலே போனதே இல்லை, தெரியுமா?

"வாங்க வாங்க, ஏன் வாசல்லயே நிக்கறீங்க?" என்றார் ஆன்ட்டி. அம்மா விஷயத்தைச் சொன்னார். "எந்தப் படம் கண்ணு? அந்தச் சமையல்காரன் படமா? ஐயோ, எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரே! வீடியோ கடையில கிடைக்கும், நான் எடுத்துட்டு வரேன். முடிவு என்னன்னா..."

"வேண்டாம் ஆன்ட்டி!" என்று கத்திவிட்டேன்.

"உங்க பொண்ணு என்னங்க, இந்த சத்தம் போடுது!" என்றார் ஆன்ட்டி. அம்மாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆன்ட்டி வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தோம். முதலிலிருந்தே போட்டோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "ஆர் இந்தக் கொக்கு?" "கதாநாயகன் அம்மா. அப்பா வச்ச பேர்." "அவருக்கு வேற வேலையில்ல" என்றார் அம்மா.

நீங்கள் சப்பாத்துப் போட்ட காட்சி வந்தது. கொக்கு ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தான். என் விரல் தானாகவே வீடியோவின் பொத்தானுக்குப் போனது. படம் நின்றது.

"ஏன் புள்ள?"

"இதிலதான் அப்பா எழும்பினவர்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தபால் கந்தோரில கதிரையில இருந்த மனிசன், இங்க வந்து கிழவன்மாருக்குச் சூப்புக் காச்சினவர். ஒருநாளும் முகம் சுளிச்சதில்ல." பிறகு சொன்னார்: "அவர் வேலைக்குப் போயிட்டார். நாங்க பாப்பம். போடு."

போட்டேன். அம்மா சிரித்தார், அப்பா. முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கடைசியில் ஆன்ட்டியின் தோளில் சாய்ந்து. எனக்கு அழுகை வருமென்று பயந்திருந்தேன். வந்தது சிரிப்புத்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்கதையும் சொன்னேன். இரண்டு இடத்தில் வினைச்சொல் பிழைத்தது, நானே திருத்திக்கொண்டேன். மதாம் தாளில் கையெழுத்துப் போட்டார். செப்டெம்பரில் சாதாரண வகுப்பு! "படம் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று லான் கேட்டாள். முடிவு தெரிந்த பிறகும் பார்க்க ஆசையாம். இது எனக்குப் புதுச் செய்தி.

உங்களுக்கும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கொக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அந்தத் தாள் அவன் கையில் அகப்பட்டுவிட்டது. இன்னதென்று தெரியாமல் கேக் தட்டில் விரித்து அடுப்பில் வைத்துவிட்டான். அது கேக்கோடு ஒட்டிப்போய், மந்திரி உட்பட எல்லாரும் தின்றும் முடித்தார்கள். சங்கு தொலைபேசியில் கத்துகிறார், உடனே திரும்பி வா என்று. கொக்கு பெட்டியோடு வாசலுக்குப் போனால், அங்கே எல்லா ஒற்றரும் பெட்டியோடு நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்கிறாள் ராணி அக்கா. அவ்வளவுதான், எல்லாரும் திரும்பி உள்ளே போகிறார்கள். குசினி மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது மந்திரி வந்து, எனக்கு இடமில்லையா என்று கேட்கிறார். பலாப்பழம் எழும்பித் தன் கதிரையைக் கொடுக்கிறார், அப்போதும் வாய் திறக்காமல்.

உங்களுக்கு இது பிடித்திருக்குமா? சங்கைப் போலக் கத்திக் காட்டியிருப்பீர்களா?

அடுத்த ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் வேறொரு படம். இந்த முறை அம்மாவே நேரம் கேட்டு வைத்திருக்கிறார். ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. இனி எந்தக் கதையையும் உங்களுக்காக நிறுத்திவைக்க மாட்டேன். அம்மாவும் நானும் கடைசி வரை இருந்து பார்ப்போம். பார்த்ததை எல்லாம் உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் ஒரே மகள்,
அம்மாவுக்குத் துணையாக இருக்கும்
வாசுகி