சுவருக்குள் இருநூறு வாட்

அன்பு மருமகளுக்கு, அத்தை எழுதுகிறேன்.

முதலில், உன் மகள் குட்டி நன்றாக இருக்கிறாள். சளி விட்டுவிட்டது. இதை எழுதும்போதே மடியில் ஏறி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்க்கிறாள். நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

படிக்கப் போன ஊரிலிருந்து தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சில விஷயங்கள் போனில் சொல்ல வருவதில்லை. உனக்கு நன்றி சொல்லத்தான் மூன்று நாளாகப் போனை எடுக்கிறேன். எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன்.

நம் வீட்டுக் கரண்டு ரொட்டி அடுப்பு இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. இருபத்தைந்து நிமிடத்தில் வேகவேண்டிய ரொட்டி, முப்பத்தைந்து நிமிடம் ஆகியும் வெளுத்துப்போய் வந்ததற்கு, உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள், அந்தக் காயில் போய்விட்டது என்றுதானே மெக்கானிக் சொன்னார்? மீட்டரை அடுப்பில் வைத்துக் காட்டினார், 230 வோல்ட் வந்தது. கரண்டு சரியாகத்தான் வருகிறது, கோளாறு அடுப்பில்தான் என்று அடித்துச் சொன்னார். நானும் புதுக் காயில் வாங்கக் கிளம்பிவிட்டேன். நீதான், அளந்தபோது அடுப்பு ஓடிக்கொண்டிருந்ததா, அணைந்திருந்ததா என்று கேட்டாய். அணைந்துதான் இருந்தது. ஓட விட்டு, மெயின் போர்டுல ஒரு தடவை, அடுப்புல ஒரு தடவை அளக்கச் சொல்லுங்க அத்தை என்றாய். சும்மா இருக்கும்போது எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான், வேலை கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும் என்றும் சொன்னாய். மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொன்னாயோ என்று பிறகு நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்போது சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக அடுப்பு பழுதுபார்க்கிறவருக்கு, இன்னும் பரீட்சைகூட எழுதாத இவள் பாடம் எடுக்கிறாளே என்று முணுமுணுத்தேன். அவரும் சரிம்மா, பாத்துடுவோம் என்று சிரித்துக்கொண்டேதான் அளந்தார்.

போர்டில் 230. அடுப்பில் 210. ஓடிய கரண்டு 10 ஆம்பியர். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ போனில் கடகடவென்று போட்ட கணக்கை, நேற்று ரொட்டி சுற்றும் தாளில் நானே போட்டுப் பார்த்தேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. அடுப்புக்கு 210ஐப் பத்தால் வகுக்க, 21 ஓம். தகட்டில் 2500 வாட் என்று போட்ட அடுப்புக்கு அதுதான் சரியான அளவு என்றாய். ஆக, காயில் மேல் குற்றமே இல்லை. வழியில் காணாமல்போன 20 வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் 2 ஓம். நம் வீட்டு நீளத்து ஒயருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகமாம். அப்புறம், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இருபதைப் பத்தால் பெருக்கினேன். இருநூறு. ஒரு ரொட்டியும் சுடாமல் இருநூறு வாட் சூடு எங்கேயோ எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அடுப்பு ஓடும்போது சுவர்ல எங்கேயாவது சூடா இருக்கா அத்தை என்று கேட்டாய். எவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னேன்! ஆமா, உள் ரூம்ல, குட்டி கட்டில் பக்கம், இதமா இருக்கும், அவளே அந்த மூலையைத் தேடிப்போய்ப் படுத்துக்கிறா என்றேன். மெயினை அணைங்க அத்தை, இப்பவே என்றாய். மாமியாரை அதட்ட உனக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, வந்தது.

மறுநாள் சுவரை உடைத்தார்கள். பூச்சுக்குள்ளே ஒயரோடு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் உருகிப் போய், பக்கத்திலிருந்த மரச்சட்டம் கரியாகியிருந்தது. அதற்கும் குட்டியின் மெத்தைக்கும் நடுவே நாலு விரற்கடை. அடுப்பை இடம் மாற்றியபோது, ஆள் எதுக்கு, எனக்குத் தெரியாதா என்று முறுக்கியது உன் வீட்டுக்காரன்தான். இப்போது பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடக்கிறான். நீ வந்து திட்டுவதற்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். மெக்கானிக், உங்க மருமக என்னம்மா படிக்குது என்று கேட்டார். எலக்ட்ரிக்கல் என்றேன். எத்தனை பேரிடம் அந்தச் சொல்லை வாயைக் கோணிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அன்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

இனி எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். அன்று போனில் நான் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. குட்டி அந்த மூலையைத் தேடிப் போகவில்லை. சளிக்கு இதமாக இருக்கட்டும் என்று கட்டிலை அங்கே இழுத்துப் போட்டது நான். சுவர் ஏன் சுடுகிறது என்று யோசிக்கக்கூட இல்லை. நீ இன்னும் இரண்டு நாள் கழித்துக் கேட்டிருந்தால்... என்னை மன்னித்துவிடு. குழந்தை உயிரோடு என் மடியில் இருக்கிறாள் என்றால் அது உன் படிப்பு போட்ட பிச்சை.

படிப்பை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவதாக உன் வீட்டுக்காரனிடம் சொன்னாயாம். படிச்சது போதும், வந்து பிள்ளையைப் பாரு என்று மாதாமாதம் பாடியவள் நான்தான். அதே வாயால் சொல்கிறேன், இப்போது வராதே. பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான். எழுதிவிட்டு வா.

புது ஒயர் போட்டாகிவிட்டது. அடுப்பை ஓட விட்டுத்தான் அளந்தோம். போர்டில் 230, அடுப்பில் 229. குட்டியின் கட்டிலை என் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். தினமும் அடுப்பு சூடானதும் அந்தச் சுவர் முழுக்க உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் மாவைத் தொடுகிறேன். ஜில்லென்று இருக்கிறது.

நீ நன்றாக இருப்பாய், நன்றாக எழுதுவாய். இந்தப் பத்தொன்பது நாளும் உன் பிள்ளையை என்னை நம்பி விட்டு வை, தாயே.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அத்தை