இடமில்லை என்றவர் யார்?

நாரின்,
டிசம்பர் 26

அய்கானிஷின் அப்பாவுக்கு, கர்த்தருக்குள் கானிகேய் எழுதுவது. ஸ்தோத்திரம். சைபீரியக் குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தடவாமல் கட்டட வேலைக்குச் சாரத்தில் ஏறாதீர்கள். நலம் விசாரிப்பு அவ்வளவுதான், மீதியெல்லாம் கோபம்.

நீங்கள் போனில் அனுப்பிய கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை நேற்று நம் வீட்டுச் சபையில் வாசித்தேன். நாம் கிறிஸ்தவர்களானது பிடிக்காத அக்கம்பக்கத்தார் பார்க்காதபடி வழக்கம்போல் திரையை இழுத்துவிட்டிருந்தோம். மரியாள் நிறைமாதமாய் நிற்கிறாள், பெத்லகேமில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை என்று உருக்கமாகத்தான் எழுதியிருந்தீர்கள். புபுசரா அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, “கல்நெஞ்சுக்காரப் பாவிங்க! நாமளா இருந்தா அந்தப் புள்ளய வெளிய நிக்க வச்சிருப்போமா?” என்று கேட்டாள். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

ஏனென்றால், அந்த நேரத்தில் உங்கள் மகள் அய்கானிஷ் தொழுவத்தில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள். “வயித்தத் தள்ளிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காத. சபைக்கு மூப்பன் நான், மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவேன்?” என்று போனில் அவளிடம் சொன்னது நீங்கள்தானே? கல்யாணம் செய்வதாகச் சொன்னவன் கைவிட்டதும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கினாள். உள்ளே வாடி என்று கெஞ்சினேன். “அப்பா வேணாம்னாரும்மா” என்று தொழுவத்துக்குப் போய்விட்டாள். பனியில் பிறக்கும் ஆட்டுக்குட்டியைக் கோட்டுக்குள் வைத்து அடுப்பருகே கொண்டுவருகிற மனுஷன் நீங்கள். பெற்ற பெண் என்றதும் அந்தக் கோட்டுக்கு என்ன வந்தது?

அழகான பிரசங்கத்தில் யோசேப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? அவனும் முதலில் மரியாளை ஓசையில்லாமல் தள்ளிவிடத்தான் நினைத்தான். கனவில் தூதன் சொன்னதைக் கேட்டு, எழுந்ததும் அவளைச் சேர்த்துக்கொண்டான். ஊர் சிரிக்காமலா இருந்திருக்கும்? அவன் மூஞ்சியைப் பற்றிக் கவலைப்பட்டதாக மத்தேயு எழுதவில்லை.

வாசிப்பைப் பாதியில் நிறுத்தினேன். தொழுவத்துக்குப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, பெரிய விருந்தாளிகளை உட்கார வைக்கும் மேல் இடத்தில், நீங்கள் உட்காரும் மெத்தையில், உட்கார வைத்தேன். சிலர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், போகட்டும். புபுசரா அக்காதான், “என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? டீய ஊத்துடி, புள்ள நடுங்குது” என்று என்னை அதட்டினாள்.

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் இன்னும் மேல்கோட்டைக் கழற்றவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து வேர்த்தாலும் கழற்றமாட்டேன் என்கிறாள். நான் ஆயிரம் சொன்னாலும் அவளுக்கு இது அப்பாவின் வீடுதான். ஒரு போன் போடுங்கள். வசனம் ஒன்றும் வேண்டாம், “சாப்ட்டியாம்மா?” என்று மட்டும் கேளுங்கள்.

அதுவரைக்கும், யோசேப்பின் தூக்கத்துக்குள் புகுந்த கர்த்தர் உங்களையும் நிம்மதியாகத் தூங்கவிடாமல் ஆசீர்வதிப்பாராக.

கானிகேய்