இல்லை என்று எழுதிய பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

இன்று பள்ளிக்கு மறுபடியும், பிள்ளைகள் நிரப்பித் தரும் அந்தப் பாதுகாப்புப் படிவம் வந்தது. ‘உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?’ என்ற கேள்வியைப் பார்த்ததும், சத்துணவுக் கூடத்து வாசலில் கரண்டியோடு நீங்கள் நின்றது அப்படியே கண்ணில் வந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது.

முதல் தடவை அது வந்தபோது என் வகுப்பு மொத்தமும் ‘இல்லை’ என்றுதான் எழுதியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களிடம் ஓடிவந்து, இந்த மலையிலேயே என் பிள்ளைகள்தான் பத்திரமாக இருக்கிறார்கள் என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் தாளைத் தொடக்கூட இல்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களிடம், “சார் அடிக்கிறாரே, அத்த ஏன் எழுதல?” என்று கேட்டீர்கள்.

நாலாம் வகுப்புச் செல்வி தட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்: “அது சும்மா அடி ஆயா. நாங்கதான தப்பு பண்ணோம்.”

எனக்குச் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றவர்கள் புளிய விளாறும் கையுமாக வருகிற ஊர் இது. “‘கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிங்க’ன்னு அவங்களே சொல்றாங்க, நான் என்ன பண்ணட்டும்?” என்று கத்தினேன்.

“அவங்க குடுத்தா நீங்க இன்னாத்துக்கு சார் வாங்குறீங்க? தப்பு தன்னுதுன்னே சொல்லுது பாருங்க அந்தப் பொண்ணு. நாளைக்கு எவன் கைய வெச்சாலும் இப்டித்தான சொல்லும்?”

என்ன துணிச்சல் அக்கா உங்களுக்கு! நான் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் வேலையே போயிருக்கும். அது தெரிந்தும் என் மேசைக்கடியிலிருந்த விளாறுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தீர்கள். “நல்லா எரியுது சார், இன்னும் இருந்தா குடுங்க” என்று கிண்டல் வேறு. ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை நான். நீங்களோ வழக்கம்போலக் கூப்பிட்டுச் சோறு போட்டீர்கள்.

அப்புறம்தான் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். பாவம், மிரண்டுபோய் அழுதே விட்டாள். அதைக் கேட்டு நீங்களும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டீர்கள்.

பொய் சொல்ல மாட்டேன் அக்கா, இன்னும் சில நாள் கை தானாக எழுகிறது. போன வாரம் கூட, பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்தவன் மீது கை ஓங்கிவிட்டேன். மூன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று விறுக்கென எழுந்தது.

“அவன் தப்பு பண்ணாலும் அடிக்கக் கூடாது சார்.”

கையை இறக்கினேன். நின்றவள் உட்காரவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி, நான் அவனிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.